நூலக வாசலில் நின்ற சிறுவன்

படித்து முடித்த புத்தகங்களை ஏழைச் சிறுவர்களுக்குக் கொடுப்பதை நாம் பொதுவாக ஒரு சிறு உதவியாகவே கருதுகிறோம். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை வேறொருவருக்குப் பயன்படட்டுமே என்ற அளவில் அந்த எண்ணம் நின்றுவிடுகிறது. அத்தகைய உதவியைப் பெற்று வளர்ந்த ஒருவரின் வாழ்க்கை, அதன் பெருமையையும் அதன் எல்லையையும் ஒருசேர உணர்த்துகிறது. அவர், பிற்காலத்தில் உலகின் பெருஞ்செல்வர்களில் ஒருவராகத் திகழ்ந்த ஆண்ட்ரூ கார்னகி.

ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரில் 1835 நவம்பர் 25 அன்று கார்னகி பிறந்தார். தந்தை வில்லியம் கைத்தறி நெசவாளர். அவரும் சக நெசவாளர்கள் சிலரும் தங்களிடமிருந்த நூல்களை ஒன்றுசேர்த்து, ஊராருக்கு இரவல் கொடுக்கும் சிறு நூலகம் ஒன்றை உருவாக்கினர். நீராவியால் இயங்கும் தறிகள் வந்தபின் கைத்தறிக்கு வேலை இல்லாமற்போயிற்று. பிழைப்புத் தேடி அக்குடும்பம் 1848-இல் கடல் கடந்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலெகெனியில் குடியேறியது.

பகல் நேரப் பள்ளிப் படிப்பு அத்துடன் முடிந்தது. 13 வயதில் பஞ்சாலை ஒன்றில் பாபின் மாற்றும் வேலையில் சேர்ந்தான் சிறுவன் ஆண்ட்ரூ. விடியும் முன் தொடங்கி இருட்டிய பின் முடியும் அவ்வேலைக்கு வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். அதன்பின், பாபின் செய்யும் ஆலையில் நீராவிக் கொதிகலனைக் கவனிக்கும் பணி. 1849-இல் தந்தி அலுவலகத்தில், வந்த தந்திகளை உரியவரிடம் கொண்டு சேர்க்கும் பையனாக வாரம் இரண்டரை டாலருக்கு அமர்ந்தான். நூல் வாங்கும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை.

அலெகெனியில் வாழ்ந்த கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், தம் சொந்தச் சேகரிப்பிலிருந்த சுமார் 400 நூல்களை வேலைக்குச் செல்லும் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டார். சனிக்கிழமைதோறும் ஒரு நூலை எடுத்துச் செல்லலாம். அடுத்த சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றைப் பெறலாம். கட்டணம் இல்லை. நண்பன் ஒருவன் மூலம் அங்கு சென்ற ஆண்ட்ரூ, மெக்காலேயின் கட்டுரைகளையும் பான்கிராஃப்ட் எழுதிய அமெரிக்க வரலாற்றையும் சார்லஸ் லாமின் கட்டுரைகளையும் படித்தான். வாரம் முழுவதும் அடுத்த சனிக்கிழமையை எண்ணிக் காத்திருந்தான்.

பின்னர் அந்நூலகம் பொது அமைப்பாக விரிவடைந்தபோது புதிய விதி ஒன்று வந்தது. ஒப்பந்த முறையில் தொழில் பழகும் சிறுவர்களுக்கு மட்டுமே இலவசம். மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் சந்தா கட்ட வேண்டும். தந்தி அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் தொழில் பழகுநர் என்ற வரையறைக்குள் வரவில்லை. 1853-இல், 17 வயது கார்னகி பிட்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். ஆண்டர்சன் நூல்களைக் கொடுத்தது வேலை செய்யும் சிறுவர்கள் அனைவருக்கும்தான் என்பதே அவரது வாதம். நூலகத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வெளிவந்தது. அவர் மீண்டும் எழுதினார். முடிவில் விதி தளர்ந்தது, அவருக்குக் கதவு திறந்தது. கொடையாளரின் நல்லெண்ணம் அப்படியே இருக்க, நிர்வாகம் வகுத்த ஒரு விதியால் ஏழைச் சிறுவன் வாசலில் நிறுத்தப்பட முடியும் என்பதை அவர் சொந்த அனுபவத்தில் கண்டார்.

ரயில்வே, இரும்பு, எஃகு என வளர்ந்த அவரது தொழில், 1901-இல் 48 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் நூலகங்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். முதலாவது, பிறந்த ஊரான டன்ஃபெர்ம்லினில் 1883-இல் திறக்கப்பட்டது. அவரது கொடையால் உலகெங்கும் எழுந்த நூலகங்கள் 2,509. அவற்றில் 1,679 அமெரிக்காவில். பொதுவாக அவர் கட்டடத்துக்கே பணம் கொடுத்தார். நிலத்தை ஊரார் தர வேண்டும். கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். நூல்களை வாங்குவதும் ஊரின் பொறுப்பு. ஊர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டால்தான் நூலகம் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. ஆண்டர்சனிடம் நூல்கள் இருந்தன, மாளிகை இல்லை. கார்னகியோ மாளிகைகளைக் கட்டி, நூல்களை ஊரிடம் விட்டார்.

இக்கதையின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அவரது பிராடக் எஃகு ஆலையில் நடைமுறையில் இருந்த 8 மணி நேர வேலை, 1888-இல் 12 மணி நேரமாக்கப்பட்டது. மறு ஆண்டு அதே ஊரில் அவர் நூலகம் திறந்தார். 1892-இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும் நிர்வாகம் வரவழைத்த தனியார் காவலர்களுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தாலும், நிர்வாகி ஹென்றி ஃபிரிக்கின் போக்குக்குக் கார்னகி ஆதரவாகவே இருந்தார். தொழிற்சங்கம் ஒடுக்கப்பட்ட அவ்வூரிலும் 1898-இல் நூலகம் எழுந்தது. உலைக்களத்தில் 12 மணி நேரம் நின்று திரும்பும் ஒருவருக்கு நூலைப் பிரிக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? பஞ்சாலையில் வேலை செய்து வளர்ந்தவர் அறியாத கேள்வி அல்ல இது.

1904-இல் அலெகெனியில் கர்னல் ஆண்டர்சனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார் கார்னகி. வேலைக்கு இடையே பட்டடைமீது அமர்ந்து நூல் படிக்கும் தொழிலாளியின் சிலை அதில் உள்ளது. 1919 ஆகஸ்ட் 11 அன்று அவர் மறைந்தார்.

ஆண்டர்சனின் 400 நூல்கள் எந்த அரசுத் திட்டமும் அல்ல. வீட்டிலிருந்த நூல்களை ஒருவர் பகிர்ந்துகொண்டதன் விளைவு. பழைய நூல்களைச் சேகரித்துக் குழந்தைகளுக்கு வழங்க முன்வருவோர் அவரிடம் கற்க வேண்டியவை உண்டு. குழந்தை தான் விரும்பும் நூலைத் தானே எடுக்க வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடுத்த வாரமும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். அடையாள அட்டையோ, கட்டணமோ, பள்ளியில் படிப்பவருக்கு மட்டும் என்ற நிபந்தனையோ குறுக்கே நிற்கலாகாது. வேலைக்குப் போகும் சிறுவனுக்கு முதலில் தேவைப்படுவது, படிப்பதற்கான நேரம். அதைப் பெற்றுத்தர நன்கொடையால் மட்டும் இயலாது. நியாயமான கூலியும் வேலை நேரமும் அவனது பெற்றோருக்குக் கிடைக்க வேண்டும்.