ஜார்ஜ் ஜோசப்

ஜார்ஜ் ஜோசப் (சூன் 5, 1887 – மார்ச் 5, 1938) ஒரு வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இவர், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய முன்னோடிகளுள் ஒருவர். மதுரை வட்டாரத்து மக்கள் இவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தனர்.

இளமை

திருவிதாங்கூர் சமத்தானத்தின் செங்கன்னூரில் சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்று, இலண்டனில் சட்டம் படித்து 1909 இல் நாடு திரும்பினார். சென்னையில் சிறிது காலம் இருந்தபின் மதுரையில் தொழில் நடத்தினார்.

குற்றப் பரம்பரைச் சட்டம்

பிரித்தானிய அரசு 1871 இல் வட இந்தியாவின் சில பகுதிகளுக்காக இயற்றிய இச்சட்டம், 1911 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரை என அரசு அறிவிக்கலாம். அறிவிக்கப்பட்டவர்கள் கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் தோன்ற வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். தனி ஒருவர் குற்றம் செய்தாரா என்பது இங்கு கேள்வியே அன்று. பிறப்பே போதுமானதாக இருந்தது. அரசின் அறிவிக்கை செல்லுமா என்று நீதிமன்றம் ஆராயவும் சட்டம் இடம் தரவில்லை. வழக்கறிஞர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை இருக்க முடியாது.

மதுரை மாவட்டத்தில் கீழக்குயில்குடிப் பகுதியில் தொடங்கிய இந்த அடக்குமுறை, பின்னர் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதற்கும் விரிந்தது. ஜோசப் அவர்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். சட்டத்தைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதினார். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது.

கோட்டில் ரோசாப்பூ அணியும் வழக்கத்தால் ஜோசப்புக்கு அப்பட்டப்பெயர் வந்தது. கள்ளர் குடும்பங்களில் குழந்தைகளுக்கு ரோசாப்பூ என்றே பெயரிட்டனர். சாதி, மதம், மொழி எதிலும் தங்களைச் சேராத ஒருவரின் பெயரை அவர்கள் இவ்வாறு தம் வீட்டுப் பெயராக்கிக் கொண்டது குறிப்பிடத்தக்கது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்

இச்சட்டம் மதுரையோடு நிற்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பிற்காலச் சீர்மரபினர் பட்டியலில் தோகமலைக் குறவர், பெரியசூரியூர்க் கள்ளர், ஊராளிக் கவுண்டர் முதலியோர் பெரம்பலூர் மாவட்டத்தையும் குறித்தே இடம்பெறுகின்றனர். தோகமலைக் குறவருக்குப் பட்டியல் தரும் மற்றொரு பெயர் கேப்மாரி. அது இன்று தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. அதன் பின்னால் ஒரு சமூகம் உள்ளது என்பதைப் பலர் அறியார். அண்டையிலிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் அசீசு நகரில், இவ்வாறு அறிவிக்கப்பட்டவர்களை அடைத்து வைக்கும் குடியிருப்பு ஒன்று இருந்தது.

அரசியல் வாழ்வு

தன்னாட்சி இயக்கத்திலும் ரௌலட் சட்ட எதிர்ப்பிலும் ஈடுபட்டார். மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவாகத் துணைநின்றார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் இதழுக்கு அலகாபாத்தில் ஆசிரியரானார், சிறையும் சென்றார். 1923 இல் காந்தியின் யங் இந்தியா இதழை நடத்தினார். 1924 இல் வைக்கம் போராட்டத்தில் முன்னின்று கைதானார். அதனை இந்துக்களிடமே விட்டுவிட வேண்டும் என்ற காந்தியின் கருத்து, இருவருக்கும் இடையே விலகலை உண்டாக்கியது. 1933 இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசருக்காக வரதராசுலு நாயுடுவுடன் வாதாடினார். 1937 இல் மத்திய சட்டமன்ற உறுப்பினரானார்.

மறைவு

1938 மார்ச் 5 அன்று மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. மதுரை யானைக்கல் பகுதியில் இவருக்குச் சிலை உள்ளது.

அவர் எதிர்த்த சட்டம் மேலும் ஒன்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947 இலும், நாடு முழுவதும் 1952 ஆகத்து 31 அன்றும் நீக்கப்பட்டது. எனினும் 1948 இலேயே சென்னை அரசு வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. குற்றப் பரம்பரை எனப்பட்டவர்கள் அதன்பின் சீர்மரபினர் என்று அழைக்கப்பட்டனர்.