ஏழைப் பிள்ளைகளின் ஆசான் தெ லா சால் அடிகளார்

கல்விக்குப் பொருள் ஈந்தோர் உலகில் பலர். கல்விக்காகத் தம் பிறப்புப் பெருமையையே துறந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், 300 ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் வாழ்ந்து மறைந்த ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் அடிகளார். நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம். அவர் கத்தோலிக்கக் குரு. நம்முள்ளோ பல சமயத்தாரும் உளர். ஆயினும், ஏழையின் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் பணி எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது என்பதால் இதனை எழுத முற்பட்டோம்.

பிரான்சின் வடகிழக்கே உள்ள ரைம்ஸ் நகரில், 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நீதிமன்ற நடுவர். குடும்பம் செல்வமும் செல்வாக்கும் மிக்கது. பிறந்த 11 குழந்தைகளுள் இவரே மூத்தவர். 15 வயதிலேயே, 1667இல், ரைம்ஸ் பேராலயத்தின் கேனன் என்னும் பதவி அவருக்குக் கிடைத்தது. அது நிலையான வருவாயும் ஊரார் மதிப்பும் உடைய பதவி. குருத்துவக் கல்விக்காகப் பாரிஸ் சென்றிருந்தபோது, 1671இல் தாயாரும் 1672இல் தந்தையாரும் அடுத்தடுத்து மறைந்தனர். தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டே படிப்பையும் தொடர்ந்து, 1678இல் குருவானார். 1680இல் இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார். இவ்வளவில் நின்றிருந்தால், வசதியாக வாழ்ந்து மறைந்த மேட்டுக்குடியாருள் ஒருவராகவே அவர் முடிந்திருப்பார்.

அக்காலத்துப் பிரான்சில் ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான் என்பதே அவன் எங்கு அமர்வான், எதைக் கற்பான் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. உயர்கல்வி இலத்தீன் மொழியில் நடந்தது. எழுத்துக் கலையைக் கற்பிக்கும் உரிமையை எழுத்தாசிரியர் சங்கத்தார் தமக்கே உரியதாக வைத்துக்கொண்டு, கட்டணம் பெற்றுக் கற்பித்தனர். ஏழைகளுக்கென நடந்த தருமப் பள்ளிகள் மிகச் சிலவே. அவற்றின் ஆசிரியர்களோ பயிற்சியும் இல்லாதவர், போதிய ஊதியமும் இல்லாதவர். காலை முதல் மாலை வரை உழைக்கச் சென்ற பெற்றோரின் பிள்ளைகள் தெருவிலேயே வளர்ந்தனர்.

இந்நிலையில் 1679ஆம் ஆண்டு, ஆத்ரியன் நியெல் என்னும் ஆசிரியர் ரூவான் நகரிலிருந்து ரைம்சுக்கு வந்தார். ஏழைச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி திறப்பது அவர் நோக்கம். அடிகளார் அவருக்குச் சிறு உதவி செய்ய மட்டுமே எண்ணினார். பள்ளி திறந்தது, அடுத்ததும் திறந்தது. ஆனால் நியெல் புதிய பள்ளிகளைத் தொடங்குவதில் காட்டிய ஆர்வத்தை, தொடங்கியவற்றை நிலைநிறுத்துவதில் காட்டவில்லை. ஆசிரியர்கள் வழிகாட்டுவாரின்றி இருந்தனர். பள்ளியைச் சீராக்க வேண்டின் முதலில் ஆசிரியரைச் சீராக்க வேண்டும் என்பதை அடிகளார் உணர்ந்தார். நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்து வரும் நாம், இவ்வுண்மையை இன்றும் நாள்தோறும் காண்கிறோம்.

அவர் அந்த ஆசிரியர்களைத் தம் வீட்டுப் பந்திக்கு அழைத்தார். 1681இல் தம் வீட்டிலேயே குடியமர்த்தினார். உறவினர் கொதித்தெழுந்தனர். நடுவரின் மகன், பேராலயத்துக் கேனன், படிப்பும் பண்பாடும் குறைந்த கூலி ஆசிரியரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பதா என்பதே அவர்தம் சினம். அடிகளாரின் பொறுப்பில் இருந்த தம்பியரையும் அவரிடமிருந்து பிரித்தனர். இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. தொடக்கத்தில் அந்த ஆசிரியர்களைத் தம் வீட்டுப் பணியாளனினும் தாழ்ந்தவர்களாகவே தாம் எண்ணியதாகவும், அவர்களோடு சேர்ந்து வாழ நேரும் என முன்னரே அறிந்திருந்தால் இப்பணியைத் தொட்டிருக்கவே மாட்டார் எனவும் பொருள்பட அடிகளாரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். பிறவியிலேயே சமத்துவம் கொண்டு வந்தவர் அல்லர் அவர். பந்தியில் அமர்ந்த பின்னரே அதனைக் கற்றவர். உடன் உண்ணுதல் என்பதன் பொருளை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1682இல் அவர் தம் மாளிகையை விட்டு வெளியேறி, ஆசிரியர்களுடன் வாடகை வீடொன்றில் குடியேறினார்.

அங்கேதான் அவர் வாழ்வின் பெருந்திருப்பம் நிகழ்ந்தது. நாளைய உணவைப் பற்றிக் கவலை கொள்ளாது இறைவனை நம்பியிருக்குமாறு அவர் ஆசிரியர்களுக்கு அறிவுரை கூறினார். அவர்களோ தயங்காமல் மறுமொழி கூறினர். அவருக்குச் சொத்து உண்டு, பதவி உண்டு. பள்ளிகள் மூடப்பட்டாலும் அவர் வாழ்வார். தாங்களோ முதுமையில் தெருவில் நிற்க வேண்டியவர்கள் என்பதே அம்மறுமொழியின் சாரம். அடிகளார் சினம் கொள்ளவில்லை; அதில் உண்மை இருப்பதைக் கண்டார். 1683இல் கேனன் பதவியைத் துறந்தார். அதனைத் தம் தம்பிக்கு அளிக்காமல் எளிய குரு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த கடும் பஞ்சத்தின்போது தம் செல்வத்தை ரொட்டியாக்கிப் பசித்தோருக்கு வழங்கித் தீர்த்தார். செல்வர் ஏழைகளைத் திருத்திய கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இதுவோ ஏழை ஆசிரியர்கள் செல்வரைத் திருத்திய வரலாறு.

அவ்வாசிரியர்கள் தங்களைச் சகோதரர்கள் என அழைத்துக்கொண்டனர். கிறித்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் என்னும் சபை இவ்வாறு உருவாயிற்று. அவர்கள் குருக்களாகவும் ஆவதில்லை, வேறு தொழிலையும் நாடுவதில்லை. கற்பித்தல் ஒன்றே அவர்தம் வாழ்வு. 1688இல் அடிகளார் பாரிசுக்குச் சென்றார். நோயும் சாவும் விலகலும் சபையை அலைக்கழித்த காலத்தில், 1691 நவம்பர் 21ஆம் நாள், அவரும் நிக்கோலா வுயார், கேப்ரியல் துரோலன் என்னும் இருவரும் இரகசியமாக ஓர் உறுதி பூண்டனர். இரந்துண்டு வெறும் ரொட்டியால் உயிர்வாழ நேரினும் இப்பணியைக் கைவிடுவதில்லை என்பதே அவ்வுறுதி. 1694இல் பன்னிரு சகோதரர்கள் அவருடன் சேர்ந்து வாழ்நாள் வாக்குறுதி எடுத்தனர்.

அடிகளாரின் பள்ளிமுறையை ஆசிரியர் என்னும் முறையில் நாம் வியக்கிறோம். முதலாவது, இலத்தீனில் தொடங்காமல் பிள்ளைகள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கினார். பள்ளியில் சில ஆண்டுகளே இருக்கக்கூடிய ஏழைப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுத்துக் கூட்டுவித்தால், எதையும் கல்லாமலே அவன் வேலைக்குப் போய்விடுவான் என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டாவது, மாணவரை ஒவ்வொருவராக அழைத்துக் கற்பிக்கும் வழக்கத்தை விட்டு, திறத்திற்கேற்ப வகுப்பாகப் பிரித்து, ஒருங்கே கற்பிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். மூன்றாவது, ஆசிரியர்க்கு முறையான பயிற்சி தந்தார். சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நிலையத்தையும் ரைம்சில் நடத்தினார். பள்ளி நடத்துமுறை பற்றி அவரும் சகோதரர்களும் தொகுத்த நூல், கையெழுத்துப் படியாக வழங்கிவந்து, 1720இல் அவர் மறைவுக்குப் பின் அச்சாயிற்று. வராத பிள்ளை ஏன் வரவில்லை என ஆராய்ந்து பெற்றோரிடம் பேச வேண்டும் என்கிறது அந்நூல். பள்ளியிலேயே காலையுணவு உண்ணும்போது, மிகுதி கொணர்ந்தோர் கூடையில் இடும் ரொட்டி, ஏதும் கொணராத பிள்ளைகளுக்குப் பகிரப்பட்டது. வார நாள்களில் உழைக்கும் இளைஞர்களுக்கென 1699இல் பாரிசில் ஞாயிறு பள்ளியும் தொடங்கினார்.

குறைகள் இல்லாமலில்லை. அப்பள்ளிகள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவை. பிரம்பை அவர் கட்டுப்படுத்தினாரேயன்றி முற்றிலும் ஒழிக்கவில்லை. காலத்தின் எல்லை அவருக்கும் இருந்தது.

அவருக்கு நேர்ந்த எதிர்ப்பின் காரணத்தை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தருமப் பள்ளியில் சேர வேண்டுமாயின் அப்பிள்ளை ஏழை எனச் சான்றளிக்கப்பட வேண்டும் என்பது பாரிஸ் வழக்கம். சகோதரர்களோ வந்த பிள்ளைகளை வகைபிரியாமல் சேர்த்து, கட்டணம் பெறாமல், ஒன்றாக அமர்த்திக் கற்பித்தனர். கட்டணம் தரக்கூடியவரும் அங்கே செல்வதால் தம் பிழைப்புக் கெடுவதாக எழுத்தாசிரியர் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 1704இல் பள்ளியின் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அடிகளாருக்கும் சகோதரர்களுக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. ஏழைகளுக்குப் பள்ளி வைத்ததற்காக அன்று, ஏழை என்னும் முத்திரையைப் பிள்ளையின் நெற்றியில் குத்த மறுத்ததற்காகவே அவர் தண்டிக்கப்பட்டார் எனலாம்.

துயரம் அத்துடன் முடியவில்லை. இளைஞன் ஒருவனைப் பணம் கொடுக்கத் தூண்டினார் என்னும் பழி 1712இல் நீதிமன்றத்தில் அவர்மேல் சாட்டப்பட்டது. மனம் நொந்து தென்பிரான்சுக்குச் சென்றார். தாம் இருப்பதே பணிக்குத் தடையோ என ஐயுற்று ஒதுங்கியிருந்தார். 1714 ஏப்ரலில் பாரிஸ் பகுதிச் சகோதரர்கள் அவருக்கு மடல் எழுதினர். அது வேண்டுகோள் அன்று. திரும்பி வந்து பொறுப்பேற்குமாறு இட்ட ஆணை. நிறுவனர் தம் சீடரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து திரும்பினார். பின்னர் 1717இல், தம் உயிர் உள்ளபோதே சகோதரர் பர்த்தலமி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படச் செய்து, தாம் விலகி எளிய உறுப்பினராக வாழ்ந்தார். 1719 ஏப்ரல் 7ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, ரூவான் நகரத்துச் சேன் யோன் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார்.

அப்போது சகோதரர்கள் ஏறத்தாழ நூற்றுவர். 1725இல் திருத்தந்தை சபைக்கு ஏற்பு அளித்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கலைக்கப்பட்ட அச்சபை மீண்டும் தழைத்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கையின் கொழும்பு நகருக்கும் வந்தது. இன்று ஏறத்தாழ 80 நாடுகளில் அப்பணி நடைபெறுகிறது. துறவியரைவிடப் பொதுநிலை ஆசிரியரே அதில் மிகுதி. 1900இல் அடிகளார் புனிதராக உயர்த்தப்பட்டார். 1950இல் ஆசிரியர் அனைவரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

இளைஞர்களே! இவ்வரலாற்றில் நாம் உங்கள் முன் வைப்பது ஒரு புனிதரின் பெருமையை மட்டும் அன்று. அந்த வாடகை வீட்டில் உண்மையை எடுத்துரைத்த பெயரறியா ஆசிரியர்களையும் நினையுங்கள். உதவி செய்ய வருவோரிடம் நன்றியோடு தலைநிமிர்ந்து பேசலாம் என்பதை அவர்கள் காட்டினர். இன்று நம் குடும்பங்களிலிருந்து பட்டதாரிகளும் அலுவலர்களும் தோன்றியுள்ளனர். அவர்கள் சங்கத்திற்கு நன்கொடை அனுப்புவது நன்றே. ஆனால் வாரத்தில் ஒரு மாலை நம் தெருவுக்கு வந்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பாடம் சொல்லித் தருவது அதனினும் நன்று. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவோர் நம்முள் எத்தனை பேர் என்பதே, அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் எவ்வளவு வளரும் என்பதை முடிவு செய்யும்.