11-க்கு அடுத்து என்ன?

ஆப்டிட்யூட் டெஸ்ட்ல 2, 3, 5, 7, 11 வந்தா, பகா எண்கள்தானேன்னு 13-ஐ டிக் அடிச்சிடுவீங்க. 15-ஆகவும் இருக்கலாம்! ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம் என்ற வரிசையும் இப்படித்தான் போகும்: 4-க்கு 5 விதம், 6-க்கு 11, 7-க்கு 15.

நம்ம பக்கத்து ஈரோட்டில் 1887-ல் பிறந்தவர் ராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர் குடும்பத் தெய்வம். கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. பிறகு சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, 1914-ல் கேம்பிரிட்ஜ்.

மக்மஹோன் 200 வரை போட்டிருந்த இந்த வரிசையின் அட்டவணையில், 4-லோ 9-லோ முடியும் எண்களுக்கெல்லாம் விடை 5-ஆல் வகுபடுவதைக் கவனித்தார். அதோடு விடாமல், எல்லா எண்ணுக்கும் அது பொருந்தும் என்று நிரூபித்து 1919-ல் வெளியிட்டார். அடுத்த வருஷமே, 32 வயதில் மறைந்தார்.

கண்ணில் பட்டது வெறும் யூகம், நிரூபிச்சாத்தான் விதி. அடுத்த தடவை டிக் அடிக்கும்போது, ஏன்னும் கேட்டுப் பாருங்க.