விசையை ஆண்ட வேந்தர் திப்பு சுல்தான்

மாரியூர்க் கடற்கரையில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. மிதக்கும் வள்ளத்திலிருந்து ஒருவர் கரை நோக்கித் தாவினால், வள்ளம் கடல் நோக்கிச் சற்றே விலகும். துடுப்பு நீரைப் பின்னே தள்ள, வள்ளம் முன்னே செல்லும். ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான விசை எதிர்த்திசையில் உண்டு என்னும் இவ்வுண்மையை, 1687ஆம் ஆண்டில் நியூட்டன் தம் மூன்றாம் இயக்க விதியாக வகுத்துரைத்தார். விதியின் பெயரை அறியாமலே அதனைக் கையாண்டு வாழ்பவர்கள் நெய்தல் நில மக்கள். அதே விதியின் ஆற்றலைப் போர்க்களத்தில் காட்டி, உலகையே தம் பக்கம் திரும்பச் செய்தவர் மைசூர் வேந்தர் திப்பு சுல்தான் ஆவார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தேவனஹள்ளியில், ஹைதர் அலிக்கும் பாத்திமா அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார் திப்பு. ஆர்க்காட்டில் அடங்கியுள்ள இறைநேசர் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாகவே அவருக்கு அப்பெயர் சூட்டப்பெற்றது. தமிழ் மண்ணுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பெயரளவில் நின்றுவிடவில்லை. அவருடைய பாட்டனார் ஆர்க்காட்டு நவாபின் படையில் பாணம் எறியும் வீரர் ஐம்பதின்மருக்குத் தலைவராக விளங்கியவர். தந்தை ஹைதர் அலியோ 1755இல் திண்டுக்கல்லின் படைத்தலைவராகப் பொறுப்பேற்றவர். பாணக்கலை அக்குடும்பத்தின் வழிவழிச் செல்வமாகவே வந்தது எனலாம்.

பாணம் என்பது நாம் திருவிழாக்களில் காணும் வாணத்தின் இனமே. குழலுக்குள் மருந்து எரியும்போது வெப்பமிக்க வளி உண்டாகிப் பின்புறத் துளை வழியே பெருவேகத்துடன் வெளியேறுகிறது. குழல் வளியைப் பின்னே தள்ள, வளி குழலை முன்னே தள்ளுகிறது. துடுப்பும் வள்ளமும் கூறும் பாடமே இங்கும் கிடைக்கிறது. மூங்கிற் குழலும் தாட்குழலும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கமாட்டா, வெடித்துவிடும். மைசூர்க் கொல்லர்களோ இரும்பைத் தட்டிக் குழல் செய்தனர். அதனால் மருந்தை இறுகச் செறிக்க முடிந்தது, அழுத்தம் உயர்ந்தது, பாணம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவு வரை பாய்ந்தது. பட்டத்தின் வால் அதனை நிலைப்படுத்துவது போல, பாணம் திசைமாறித் தடுமாறாதிருக்க நீண்ட மூங்கிற் கழியோ வாளின் அலகோ அதனுடன் பிணைக்கப்பட்டது. மிகத் தாழ எறிந்த கல்லும் மிக உயர எறிந்த கல்லும் அருகிலேயே வீழும் என்பதைச் சிறுவரும் அறிவர். அதுபோன்றே, இலக்கின் தொலைவையும் குழலின் பருமனையும் கருதி ஏவுகோணத்தைக் கணிக்கப் பாணவீரர்கள் பயிற்றப்பட்டனர்.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப்படை முறியடிக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுகளும் பாணங்களும் பொழிந்த அக்களத்தில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. 1782இல் தந்தை மறைய, திப்பு அரியணை ஏறினார். தம் படைக்கெனப் பத்ஹுல் முஜாஹிதீன் என்னும் பயிற்சி நூலை எழுதுவித்தார். ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஏறத்தாழ 200 பாணவீரர்களை அமர்த்தினார். 2000 அளவிலான ஏடுகளைக் கொண்ட நூலகத்தையும் பேணினார். அவருடைய ஆட்சி குறித்து வரலாற்றாசிரியர்கள் மாறுபடுவர்; எனினும் கருவித்திறனிலும் கல்வியிலும் அவர் கொண்டிருந்த நாட்டத்தை மறுப்பாரில்லை.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கை நாட்டின் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் பறித்தது. இளம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பவும் நேர்ந்தது. அப்போதும் அவர் தளர்ந்தாரில்லை. 1799 ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற வெல்லெஸ்லியின் படையே பாணமழைக்கிடையில் பின்வாங்க நேர்ந்தது. ஆயினும் மே 4ஆம் நாள் கோட்டை உடைந்தது. சரணடைந்து உயிர்பிழைக்க எண்ணாமல், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயிலருகே வாளேந்திப் போரிட்டு வீரமரணம் எய்தினார் திப்பு.

இதன் பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கருதத்தக்கது. கைப்பற்றப்பட்ட பாணங்கள் இங்கிலாந்தின் வுல்விச் படைக்கலச் சாலைக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் அத்தகைய பாணங்களை ஆராய்ந்து, மருந்தின் கலவையையும் குழலின் அளவையும் மாற்றி மாற்றிச் சோதித்து, புதிய பாணங்களை உருவாக்கினார். 1807இல் அவைபற்றி நூலும் வெளியிட்டார். 1806 சூலையில் திப்புவின் புதல்வர்கள் காவலில் இருந்த வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து வீழ்ந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் காங்கிரீவின் பாணங்கள் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின்மேல் பாய்ந்தன. கருவியைத் தந்த நாடு கண்ணீர் வடித்தது. கருவியைக் கற்ற நாடு அதனை வளர்த்தது. அரசு வீழ்ந்தபோது நம் பட்டறைகளின் உலையும் அணைந்தது. கர்நாடகத்தின் நகரா என்னும் ஊரில் 2018இல் பழங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது 1000க்கும் மேற்பட்ட பாணங்கள் சேற்றினின்றும் வெளிப்பட்டன. நம் அறிவு எங்கே புதையுண்டு கிடந்தது என்பதற்கு அக்கிணறே சான்று.

1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்திற்குச் சென்ற இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம், திப்புவின் பாணப்படையைத் தீட்டிய ஓவியத்தை அங்கே சுவரில் கண்டார். சொந்த நாடு மறந்ததை அயல்நாடு போற்றுவதை எண்ணி வியந்ததாகத் தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். அவர் வியப்போடு நின்றிருந்தால் நமக்கு ஏவுகணைகள் வாய்த்திரா. அளந்தார், சோதித்தார், தவறியபோது மீண்டும் முயன்றார்.

மாணவச் செல்வங்களே! திப்புவின் வீரத்தைப் பாடுவது எளிது. அவருடைய கொல்லர்கள் இரும்பையும் விசையையும் அறிந்தவாறு அறிவதே அரிது. இயற்பியல் அயலார் உடைமையன்று. நம் கரையின் துடுப்பிலும் பாயிலும் அது நாளும் இயங்குகிறது. அதனைக் கண்டு, கணக்கிட்டு, நற்றமிழில் எழுதி வைப்போமாக. அழிவுக்கன்றி ஆக்கத்திற்கே அவ்வறிவைப் பயன்படுத்த வல்ல இறைவன் அருள்புரிவானாக!