செவியிழந்த கவிஞரும் செண்டை முழக்கமும்

கலைகள் செல்வத்தின் நிழலில் வளர்வன என்பர். நாட்டில் வளம் மிகுந்தவிடத்துப் பாட்டும் கூத்தும் பெருகுதலும், வறுமை வந்துற்றவிடத்து அவையே முதற்கண் கைவிடப்படுதலும் உலகியல். உண்ண உணவில்லாக் காலத்தில் கூத்துப் பயிற்றும் பள்ளி எற்றுக்கு என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக அளித்த சான்றோர் ஒருவர் நம் அண்டை நாடாகிய கேரளத்தில் வாழ்ந்தார். அவரே மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனோன்.

அவர் 1878-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள், திரூருக்கு அண்மையிலுள்ள சேன்னரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஆங்கிலக் கல்வி அவர்க்கு வாய்க்கவில்லை. மாமனாகிய ராமுண்ணி மேனோனிடம் வடமொழி கற்றார். பின்னர்த் திருச்சூரில் அச்சுக்கூடம் ஒன்றை மேற்பார்க்கும் அலுவலில் அமர்ந்தார். வால்மீகி இராமாயணத்தை மலையாளச் செய்யுளாக்கிப் புகழெய்தினார். குமாரன் ஆசான், உள்ளூர் பரமேசுவர ஐயர் ஆகிய இருவரோடும் வைத்துப் புதுமலையாளக் கவிதையின் மூவருள் ஒருவராக அவர் எண்ணப்பெறுகிறார். கிறிஸ்தவராகிய நாம் ஒன்றைச் சிறப்பாக நினைத்தல் தகும். மகதலேனா மரியாளின் மனந்திரும்புதலைப் பொருளாகக் கொண்டு 1921-இல் அவர் ஓர் அரிய காவியம் இயற்றினார். பிற சமயத்தார் உள்ளத்திலும் புகுந்து உறையவல்ல நெஞ்சம் அவருடையது.

இத்தகைய கவிஞர்க்கு முப்பது வயது கடந்த சின்னாளில் பெருந்துன்பம் நேர்ந்தது. நோயினாற் செவிப்புலன் அறவே அழிந்தது. சொல்லின் ஓசையே உயிராகக் கொண்ட ஒருவர்க்கு இதனினும் கொடிய இழப்பு யாது? அத்துயரையே பொருளாக்கி 1910-இல் ‘பதிர விலாபம்’ என்னும் நூலைப் பாடினார். ஆயினும் புலம்பலோடு அவர் வாழ்வு முடிந்ததில்லை. அவர் ஆற்றிய பெருந்தொண்டு அதன் பின்னரே தொடங்கியது.

கேரளத்தின் கதகளி, விளக்கொளியில் விடியுமளவும் ஆடப்பெறும் கூத்து. ஆடுவோன் வாய்திறந்து பேசான். கைமுத்திரையாலும் கண்ணாலும் முகக்குறிப்பாலுமே கதையை உணர்த்துவான். பாடுவோர் பின்னின்று பாடுவர். செண்டையும் மத்தளமும் முழங்கும். அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து முகத்திற் சுட்டியிடுவதற்கும், முடியும் உடையும் அணிவிப்பதற்கும் தனித்தனிக் கைவல்லோர் வேண்டும். ஆகவே ஒருவன் தனியே பயின்று காக்கத்தக்க கலை அன்று இது; ஒரு குழுவே கூடி வாழ்ந்தாலன்றி நிலவாது. நெடுங்காலம் அரசரும் நம்பூதிரி மனையினரும் இக்குழுக்களைப் புரந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெருங்குடிகளின் செல்வம் சுருங்கியது. புதுக்கல்வி பெற்றோர் இக்கூத்தைப் பழமை என்று இகழ்ந்தனர். குழுக்கள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன. முதுபேராசான் ஒருவர் மறைந்தால் அவரோடு ஒரு கல்வியே மறையும் நிலை வந்தது.

இதனைக் கண்ட வள்ளத்தோள் மணக்குளம் முகுந்த ராஜாவைத் துணைக்கொண்டு ஒரு பள்ளி நிறுவ முற்பட்டார். நன்கொடையாற் போதிய பொருள் சேராமையின், பரிசுச்சீட்டு நடத்திப் பணம் திரட்டினார். ஊர்தோறும் சென்று சீட்டு விற்றார். பரிசுச்சீட்டு நம் சபையார் ஒப்பும் வழியன்று. யானும் அதனைப் புகழ முன்வரவில்லை. எனினும் இதில் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஒரு மன்னரின் கொடையால் நின்ற கலை, முதன்முறையாகப் பலரது சிறுகாசினால் நிற்கத் தொடங்கியது. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் பாராட்டிய செய்தியை நாம் அறிவோம். சிறியோர் ஈவதன் மதிப்பை அக்கவிஞரும் அறிந்திருந்தார்.

இங்ஙனம் கேரள கலாமண்டலம் 1930-இல் குன்னங்குளத்தில் தோன்றியது. தோன்றிய காலமோ மிகக் கொடியது. 1929-இல் எழுந்த உலகப் பொருள்முட்டு, தேங்காயும் மிளகும் விற்று வாழும் மலையாள நாட்டையும் தாக்கியது. விளைபொருளின் விலை வீழ்ந்தது. கொடுத்துப் பழகிய கைகளும் சுருங்கின. மாணவர்க்கு உணவும் ஆசான்மார்க்கு ஊதியமும் அளித்தாக வேண்டும். வள்ளத்தோள் பள்ளியை மூடினாரல்லர். ஆடுவோரை உடன்கொண்டு நகரந்தோறும் சென்றார். கடல் கடந்தும் சென்றார். ஆடிக்காட்டிப் பெற்ற பொருளைப் பள்ளிக்கே ஆக்கினார். கவிதை எழுதியிருக்க வேண்டிய நாட்களைப் பயணத்திலும் இரத்தலிலும் செலவிட்டார்.

பள்ளி அம்பலபுரத்திற்கும், பின்னர்ப் பாரதப்புழையின் கரையிலுள்ள செறுதுருத்திக்கும் இடம் பெயர்ந்தது. ஆண்டுப் பயிற்சியோ கடினமானது. விடியுமுன் எழுந்து கண்ணசைவு பயிலவேண்டும். மழைக்காலத்தில் எண்ணெய் பூசி உடல் பிடித்துவிடும் உழிச்சில் நடைபெறும். பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனோன் போன்ற பேராசான்மார் அங்குக் கற்பித்தனர். கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர், ராமன்குட்டி நாயர் முதலிய மாணாக்கர் பிற்காலத்தில் பெருநடிகராய் விளங்கினர். வழக்கொழியும் நிலையிலிருந்த மோகினியாட்டமும் அங்கே புத்துயிர் பெற்றது. செண்டை முழங்க முழங்க மாணவர் ஆடுவதை அக்கவிஞர் கண்ணாற் கண்டார், முழக்கத்தைக் கேட்டிலர். தாம் நுகரவியலாத ஒலியைப் பிறர் நுகர வேண்டுமென்று உழைத்தலே அன்பின் இலக்கணம் அன்றோ?

கலாமண்டலம் 1941-இல் கொச்சி அரசின் பொறுப்பிற் சேர்ந்தது. 1954-இல் வள்ளத்தோள் பத்ம பூஷண் விருது பெற்றார். 1958-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். செறுதுருத்தியில் ஆற்றங்கரையிலுள்ள பழைய பள்ளி நிலத்திலேயே அவர் நினைவிடம் அமைந்துள்ளது. அவர் சீட்டு விற்று எழுப்பிய பள்ளி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்னும் தகுதி பெற்றது.

மாணவ நண்பர்களே! முட்டுப்பாடு வந்தவிடத்து முதலில் எதனைக் குறைப்பது என்று நாமும் எண்ணுகிறோம். நம் ஊர்களிலும் கற்பிக்க ஆசான் இருந்தும் கற்க மாணாக்கர் இன்றி அவியும் கலைகள் உள. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறின், வளம் திரும்ப வருங்கால் கற்பிப்பாரைத் தேடியும் காணோம். பணம் மீண்டும் வரும். அறுந்த பயிற்சி மீண்டும் வாராது. இதனை உணர்ந்தமையாலன்றோ, செவியிழந்த கவிஞர் ஒருவர் செண்டை முழக்கத்திற்காக ஊரூராய்க் கையேந்தி நின்றார்!