காமா பயில்வான்

காமா பயில்வான் (மே 22, 1878 – மே 23, 1960) பிரித்தானிய இந்தியாவில் பிறந்த, உலகப் புகழ் பெற்ற மல்யுத்த வீரர் ஆவார். இவரது இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ். குலாம் என்பதன் செல்லச் சுருக்கமே காமா. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மல்யுத்தக் களத்தில் இருந்தும் தோல்வியையே அறியாதவர் என்று போற்றப்படுகிறார். ஐந்தடி ஏழு அங்குல உயரமே கொண்ட இவர், தம்மைவிட நெடிதுயர்ந்த பலரை வீழ்த்தினார். இவரது உடல்வலிமைக்கு அடிப்படையாக அமைந்தவை தண்டால், பஸ்கி ஆகிய இரு எளிய பயிற்சிகள். இரண்டிற்கும் கருவி எதுவும் தேவையில்லை. ஆள் படுத்து எழும் அளவு தரை இருந்தால் போதுமானது.

இளமை

காமா பஞ்சாபில், அமிர்தசரஸ் பகுதியில், காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய இசுலாமிய மல்யுத்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை அஜீஸ் பக்ஷும் ஒரு பயில்வானே. அக்காலத்தில் மல்யுத்தம் குலத்தொழில் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்தது. சிற்றரசர்கள் யானை, குதிரைகளை வைத்திருந்தது போலவே பயில்வான்களையும் அரண்மனைச் செலவில் வைத்துப் பேணினர். ஓர் அரசரின் பயில்வான் மற்றோர் அரசரின் பயில்வானை வீழ்த்துவது அந்த அரசருக்கே கிடைத்த பெருமையாகக் கருதப்பட்டது.

காமாவுக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்தார். தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வான் பொறுப்பேற்று வளர்த்தார். அவரும் மறைந்தபின் மாமா ஈதா பயில்வான் சிறுவனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பயிற்சி அளித்தார். வளரும் வயதில் உடன் கோதாவில் இறக்கிவிடாமல், தண்டாலும் பஸ்கியும் மட்டுமே முதலில் கற்பிக்கப்பட்டன. பத்து வயதிற்குள் நாள்தோறும் ஒவ்வொன்றிலும் ஐந்நூறு வரை செய்யத் தேர்ந்திருந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். காமாவின் தம்பி இமாம் பக்ஷும் பின்னாளில் பெரும் மல்லராக விளங்கினார்.

ஜோத்பூர் போட்டி

காமாவின் பெயர் முதன்முதலில் வெளியே தெரிந்தது மல்யுத்தத்தால் அன்று. 1888 ஆம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பயில்வான்களை அழைத்து ஒரு போட்டி நடத்தினார். யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார் என்பதே போட்டி. நானூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டதாகக் கூறப்படுகிறது. ஒவ்வொருவராகக் களைத்து விலக, இறுதியில் எஞ்சிய பதினைந்து பேரில் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவன். அவனது வயதைக் கருதி மகாராஜா அவனையே வெற்றியாளனாக அறிவித்தார். அன்று அச்சிறுவன் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தான் என்றும், அதன்பின் ஒரு வாரம் படுக்கையில் கிடந்தான் என்றும் கதைகள் வழங்குகின்றன. எண்ணிக்கையை நம்புவதா என்பது ஒருபுறம் இருக்க, படுக்கையில் கிடந்த செய்தியை நம்புவதில் தடை ஏதும் இல்லை.

இப்போட்டிக்குப் பின் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள தத்தியா சமஸ்தானத்தின் மகாராஜா காமாவைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். உணவு, உறைவிடம், ஆசான், பயிற்சித் தோழர்கள் என எல்லாம் அரண்மனைப் பொறுப்பாயின.

பயிற்சி முறை

வட இந்தியாவில் தண்ட், பைடக் என்று வழங்கும் இரு பயிற்சிகளே தமிழகத்தில் முறையே தண்டால், பஸ்கி என்று அறியப்படுகின்றன. பள்ளியில் தண்டனையாக இவற்றை எடுத்தவர்கள் பலர் இருப்பர். ஆயினும் கோதாக்களில் எடுக்கப்படும் முறை சற்று வேறுபட்டது.

மல்லரின் தண்டாலில் உடல் ஒரே பலகை போல ஏறி இறங்குவதில்லை. கைகளும் கால்களும் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பு மேலே உயர்ந்த நிலையில் தொடங்க வேண்டும். பின் முழங்கையை மடக்கித் தலை, மார்பு, வயிறு என ஒன்றன்பின் ஒன்றாகத் தரையை ஒட்டி முன்னே செலுத்தி, கைகளை நிமிர்த்தி முதுகை வளைத்து மேலே நோக்க வேண்டும். மீண்டும் இடுப்பைப் பின்னே உயர்த்தினால் ஒரு சுற்று முடிகிறது. இதனால் மார்பு, தோள், புயம் ஆகியவற்றோடு முதுகுத்தண்டும் இடுப்பும் நெகிழ்வு பெறுகின்றன. எதிரியின் பிடிக்குக் கீழே நுழைந்து மேலெழும் மல்லரின் அசைவும் ஏறக்குறைய இதுவே.

பஸ்கியில் உட்காரும்போது குதிகால் தரையை விட்டு எழ, உடலின் எடை முன்பாதத்துக்கு வருகிறது. கைகள் ஊசல் போல முன்னும் பின்னும் வீசப்படுகின்றன. நடுவில் நிறுத்தாமல், மூச்சோடு இயைந்து, ஒரே சீரான வேகத்தில் எடுப்பது வழக்கம். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலுவூட்டுவதுடன், நீண்ட நேரம் எடுக்கும்போது ஓட்டத்தைப் போலவே நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் பயிற்சியாகிறது. வலிமையையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் ஒருசேர வளர்ப்பது இதன் சிறப்பு.

காமா தமது சிறந்த நாட்களில் ஒரு நாளைக்கு 5000 பஸ்கியும் 3000 தண்டாலும் எடுத்தார் என்பது பரவலாகக் காணப்படும் கூற்று. இதனைச் சிறு கணக்கின் மூலம் சரிபார்க்கலாம். ஒன்றுக்கு மூன்று நொடிகள் என்று கொண்டால் பஸ்கிக்கு 15,000 நொடிகள், அதாவது நான்கு மணி பத்து நிமிடங்கள் ஆகும். தண்டாலுக்கு 9,000 நொடிகள், அதாவது இரண்டரை மணி நேரம். ஆக மொத்தம் ஓய்வின்றி ஆறு மணி நாற்பது நிமிடங்கள். இது இயலாத ஒன்றன்று. ஆனால் வேறு வேலை எதுவும் இல்லாத, உணவுக்குக் கவலைப்படத் தேவையில்லாத ஒருவருக்கே இயலும். தத்தியாவில் காமாவின் நிலை அதுவே. நாள்தோறும் அதே எண்ணிக்கையை எட்டினாரா என்பது வேறு கேள்வி. புகழ் பெற்றவர்களின் எண்கள் காலப்போக்கில் வளர்வது இயல்பு.

இவ்வெண்ணிக்கைகளைக் கண்டு ஆர்வம் கொள்ளும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காமா சிறு வயது முதல் பல ஆண்டுகள் படிப்படியாக உயர்த்தியே அந்நிலையை அடைந்தார். பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தால் தசைகள் சிதைந்து, அதன் கழிவுகள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மையாகும்.

உடல் எடையை மட்டுமே கொண்டு காமா பயின்றார் என்று கூறுவதும் முழு உண்மையாகாது. கோதா மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவது, கர்லாக்கட்டை சுழற்றுவது, தோழர்கள் பலருடன் அடுத்தடுத்து மற்போர் செய்வது ஆகியனவும் அவரது அன்றாடப் பயிற்சியில் அடங்கும். ஹஸ்லி எனப்படும் வளையம் போன்ற கனத்த கல்லைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுப்பதும் உண்டு. அவர் பயன்படுத்தியதாகக் கருதப்படும் சுமார் 95 கிலோகிராம் எடையுள்ள வளையம் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பால், நெய், அரைத்த வாதுமைப் பருப்பு, இறைச்சி ஆகியவை அவரது உணவில் பெருமளவு இடம்பெற்றன. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் செலவில்லை. இந்த உணவுக்கு அரண்மனை தேவைப்பட்டது.

ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா

அக்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த மல்லராக இருந்தவர் குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏறக்குறைய ஏழடி உயரம் உடையவராகக் கூறப்படும் இவருடன் காமா முதன்முதலில் மோதியபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. நெடுநேரம் நீடித்த அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அனுபவத்திலும் உயரத்திலும் மிக்கவர் அவ்விளைஞரைச் சாய்க்க இயலாமல் போனதே காமாவின் புகழை நாடெங்கும் பரப்பியது. 1910 ஆம் ஆண்டிற்குள் ரஹீம் பக்ஷைத் தவிர இந்தியாவின் முன்னணிப் பயில்வான்கள் அனைவரையும் காமா வென்றிருந்தார்.

இலண்டன் பயணம்

1910 இல் காமா, தம்பி இமாம் பக்ஷ் மற்றும் சில இந்திய மல்லர்களுடன் கப்பலேறி இலண்டன் சென்றார். வங்காளத்தைச் சேர்ந்த செல்வந்தர் சரத் குமார் மித்ரா இதற்குப் பொருளுதவி செய்தார். வங்கப் பிரிவினையை ஒட்டி 1905 இல் எழுந்த சுதேசி இயக்கத்தின் வேகம் தணியாத காலம் அது. இந்தியர் உடல்வலிமை அற்றவர் என்ற ஆங்கிலேயரின் எண்ணத்துக்கு மறுமொழியாகவே பலர் இப்பயணத்தை நோக்கினர்.

இலண்டனில் அவரது உயரத்தைக் காரணம் காட்டிப் போட்டியில் சேர்க்கத் தயங்கினர். எனவே காமா, எந்த எடை உடையவராயினும் மூன்று மல்லர்களை முப்பது நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாகப் பொது அறைகூவல் விடுத்தார். முதலில் எவரும் இதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் சுற்றில் இரண்டு நிமிடங்களுக்குள்ளும், அடுத்த சுற்றில் பத்து நிமிடங்களுக்குள்ளும் காமா அவரை வீழ்த்தினார்.

அடுத்து, உலகின் முன்னணி மல்லர்களுள் ஒருவரான போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவுடன் போட்டி ஏற்பாடாயிற்று. வெற்றி பெறுபவருக்கு 250 பவுண்டும் ஜான் புல் பட்டையும் பரிசு. 1910 செப்டம்பர் 10 அன்று இலண்டன் வெள்ளை நகர விளையாட்டரங்கில் போட்டி நடைபெற்றது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா எதிரியைக் கீழே தள்ளினார். ஆனால் வெற்றி பெற எதிரியின் இரு தோள்களும் தரையில் பட வேண்டும். இதனை நன்கறிந்த ஸ்பிஷ்கோ குப்புறப் படுத்து விரிப்பை அணைத்தவாறு கிடந்தார். காமாவைவிட எடை மிகுந்த அவரைப் புரட்டுவது எளிதாக இல்லை. இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகக் காமா முயன்றுகொண்டே இருந்தார். பார்வையாளர்கள் சலிப்படைந்தனர். முடிவு எட்டப்படாமல் அன்றைய போட்டி நிறுத்தப்பட்டது.

வேடிக்கை பார்க்கச் சென்றவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆயினும் காமாவின் பயிற்சி முறைக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறொன்று அமைந்ததில்லை. அவ்வளவு நேரமும் தாக்குபவராகவே இருந்தவர் அவர்தான்.

மீண்டும் செப்டம்பர் 17 அன்று போட்டி வைப்பதென முடிவாயிற்று. அன்று காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. பரிசும் பட்டையும் காமாவுக்கு வழங்கப்பட்டன. அப்போது உலக வாகையராக இருந்த அமெரிக்கர் பிராங்க் காட்சுடன் காமா மோதும் வாய்ப்பு கடைசி வரை அமையவில்லை. எனவே காமா உலக வாகையரா என்ற வினாவுக்கு, ஆம் என்று இந்தியர்கள் விடையளித்ததைப் போல மேலைநாட்டு மல்யுத்த வரலாறுகள் விடையளிப்பதில்லை.

நாடு திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீம் பக்ஷுடன் மீண்டும் மோதி வெற்றி கண்டார். பாரசீகக் காவிய வீரன் ருஸ்தமின் பெயரால் அமைந்த ருஸ்தம்-இ-ஹிந்த் என்னும் பட்டம் அவருக்கு உரியதாயிற்று. அதன் பொருள் இந்தியாவின் ருஸ்தம் என்பதாகும்.

பாட்டியாலா, 1928

பின்னாளில் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் காமாவை ஆதரித்தார். இலண்டனில் முடிவுறாத போட்டியை இந்தியாவில் நடத்த அவரே ஏற்பாடு செய்தார். இடைப்பட்ட காலத்தில் ஸ்பிஷ்கோ 1921 இலும் 1925 இலும் அமெரிக்காவில் உலக வாகையர் பட்டம் வென்றிருந்தார். 1928 சனவரியில் பாட்டியாலாவில், பல்லாயிரம் மக்கள் முன்னிலையில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். இருவருக்குமே வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த போட்டி ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. காமா வென்றார்.

மறு ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற மேலைநாட்டு மல்லரை இரண்டு நிமிடங்களுக்குள் வீழ்த்தினார். பின்னர் அவரை எதிர்க்க முன்வந்தோர் அரிது. எதிராளி இல்லாத வீரராகவே எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

பிரிவினையும் இறுதிக்காலமும்

1947 இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது காமா லாகூரில் வாழ்ந்தார். அவர் வசித்த மோகினி சாலையில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. கலவரக் கும்பல் வந்தபோது காமாவும் அவருடைய மாணவர்களும் முன்னின்று அக்குடும்பங்களைக் காத்தனர் என்றும், அவர்கள் எல்லை கடக்கும்போது வழிச்செலவுக்கும் உணவுக்கும் உதவினர் என்றும் அவரது குடும்பத்தார் வழியாகச் செய்திகள் வழங்குகின்றன.

சமஸ்தானங்கள் மறைந்தன. அவற்றுடன் பயில்வான்களைப் பேணும் வழக்கமும் மறைந்தது. புதிதாகப் பிறந்த பாகிஸ்தான் அரசிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை. காமா தம்பி மகன் போலு பயில்வான் முதலியோருக்குப் பயிற்சி அளித்து வந்தார். முதுமையில் இதய நோயாலும் ஆஸ்துமாவாலும் அவதிப்பட்டார். மருத்துவச் செலவுக்கே இடர்ப்பட்ட நிலையில், எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா அவருக்கு உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23 அன்று லாகூரில் காமா காலமானார்.

பிற செய்திகள்

பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் செரீப்பின் மனைவி குல்சூம் நவாஸ் காமாவின் குடும்பத்தைச் சேர்ந்தவர். திரைப்பட நடிகரும் தற்காப்புக் கலைஞருமான புரூஸ் லீ, காமாவைப் பற்றிய கட்டுரைகளைப் படித்து அவரது தண்டால், பஸ்கி முறைகளைத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார் என்று குறிப்பிடப்படுகிறது. மேலைநாட்டு உடற்பயிற்சியாளர்களிடையே இந்துத் தண்டால், இந்துப் பஸ்கி என்ற பொருள்படும் பெயர்களில் இவை இன்றும் பயிலப்படுகின்றன. அவற்றைப் புகழ்பெறச் செய்தவர் ஓர் இசுலாமியர். 2022 மே 22 அன்று கூகுள் நிறுவனம் காமாவின் படத்தைத் தன் முகப்பில் இட்டு அவரது பிறந்தநாளை நினைவுகூர்ந்தது.