சிறைக்குப் பிறகு வ.உ.சி.க்கு என்ன ஆச்சு? சென்னையில் மறுபடி தொடங்கிய வாழ்க்கை

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல். பள்ளிப் பாடத்தில் வ.உ.சிதம்பரனாரின் கதை பெரும்பாலும் சிறையோடு முடிஞ்சுபோகும். ஆனால், விடுதலையான பிறகும் அவர் ஏறத்தாழ 24 வருஷம் வாழ்ந்தார். அந்த 24 வருஷம் எப்படிப் போச்சு?

உள்ளே போனபோது...

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அப்போது ஊரே அவர் பக்கம் இருந்தது. வெள்ளைக்காரர்களை ஆதரித்தவர்களுக்கு முடிவெட்டவும் துணி வெளுக்கவும் ஆட்கள் மறுத்தார்கள். மார்ச் மாதம் அவர் கைதானதும் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

விசாரணை நீதிமன்றம் விதித்த தண்டனை 40 வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் நாலரை வருஷம் கழிந்தது.

வெளியே வந்தபோது...

1912 டிசம்பரில் கண்ணூர் சிறைக் கதவு திறந்தது. வாசலில் கூட்டம் இல்லை. காத்திருந்த ஒரு சிலரில் சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். சிறையில் தொற்றிய தொழுநோயோடு அவர் வந்து நின்றார்.

கப்பல் கம்பெனி ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னத்து பறிபோயிருந்தது. தண்டனைச் செய்தியைக் கேட்டு மனம் கலங்கிய தம்பி மீனாட்சிசுந்தரம் கடைசிவரை மீளவில்லை. சொந்த மாவட்டத்துக்கும் திரும்ப முடியாத நிலை. குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. அரிசி, மளிகை வியாபாரம் செய்து பார்த்தார். ஓடவில்லை.

கைகொடுத்தவர்கள் யார்?

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள். அவரை நேரில் பார்க்காத அவர்கள், அவருக்காகப் பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915-ல் காந்தி சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்தித்தார். அதன்பிறகு பல கடிதங்கள் போய்வந்தன. 1916-ல்தான் அந்தத் தொகை கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா.

உதவியை வாங்கிக்கொண்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. கையில் தமிழ் இருந்தது. மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை வெளியிட்டார். 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். சிறைவாசம் துண்டித்த உறவுகள் போக, புத்தகங்கள் வழியாகப் புது நட்புகள் சேர்ந்தன.

பெரம்பூரில் என்ன நடந்தது?

அந்த நாளில் பெரம்பூர் என்றால் பின்னி ஆலைகளும் ரயில்வே பட்டறையும்தான். வேலை முடிந்த தொழிலாளர்கள் மாலை நேரத்தில் பஜனைக்கும் சொற்பொழிவுக்கும் கூடினார்கள். அந்தக் கூட்டங்களை நடத்தியவர்கள் அங்கே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். 1918 ஏப்ரல் 27-ல் பி.பி.வாடியா தலைமையில் அது உருவானது. திரு.வி.க.வும் உடன் இருந்தார்.

இதையடுத்து நகரம் முழுக்கப் பரவிய தொழிலாளர் இயக்கத்தில் வ.உ.சி.யும் பங்கெடுத்தார். தூத்துக்குடியில் மில் தொழிலாளர்களோடு நின்றவர், பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு மறுபடி தொழிலாளர்கள் நடுவில் வந்து நின்றார். இந்த முறை அவரிடம் கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை.

கடைசிக் காலம்

1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்க முடியாமல் காங்கிரஸிலிருந்து விலகினார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும், பிறகு தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

அவர் இழுத்த செக்கு இன்று கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சிறைக்கொடுமை உடனே புரியும். வெளியே வந்தபின் வேலை, வருமானம், ஊர், கூட்டாளிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க அவர் பட்ட பாட்டுக்கு அப்படி ஒரு நினைவுப்பொருள் கிடையாது. அதற்கு ஆன காலம், அவர் சிறையில் கழித்ததைவிட அதிகம்.